நகம் கையான கதை

வைப்பாற்றங்கரையில், சேவுக்கும் பேனா நிப்புக்கும் பேர்போன சாத்தூரில், எங்கள் தெருமுனையிலிருந்த முடிதிருத்தும் நிலையத்தின் மரப்பெஞ்சிலே, தத்தம் முறைக்காகக் காத்திருந்த பெரியவர்கள் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்குபோட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெஞ்சின் கோடியில் அட்டை கிழிந்து, தையல் விட்டு, எண்ணெய்க் கைகள் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்த சிறிய புத்தகம் ஒன்றை ஒன்பது வயதுச் சிறுவனாகிய நான் கையில் எடுத்தது 1973-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில். முதல் பக்கங்கள் இல்லை. நான் பிரித்த இடத்தில், கோட்டும் டையும் அணிந்த ஒரு மனிதர் சுவரிலிருந்த மின்சாரத் துவாரத்துக்குள் விரலை நுழைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டத்தில் மனிதர் இல்லை. அறை இருந்தது, நாற்காலி இருந்தது, கதவு இருந்தது, அந்தக் கதவின் பிடியைத் திருகிக்கொண்டு மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு கை மட்டும் அந்தரத்தில் இருந்தது. சிறுவர்களுக்கென்று நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே பலகையைப் போட்டுவிட்டு, "தம்பி, ஏறி உக்காரு" என்று கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காது கேட்கவில்லை. மூன்றாம் முறை அவர் புத்தகத்தைப் பிடுங்கிப் பெஞ்சின் அடியில் வைத்தார். தலையில் கத்தரி ஓடிய அந்தக் கால் மணி நேரமும், எதிரிலிருந்த கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தையல்ல, என் வலது கையை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இரும்புக்கை மாயாவி. புத்தகம் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். இவ்விரண்டு பெயர்களையும் சொன்ன மாத்திரத்தில் முகம் மலர்கிறவர்கள் இன்று அறுபது வயதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் கண்ணியமான மனிதர்கள், இந்தப் பெயரைக் கேட்டவுடன் குரல் மாறிப் பேசத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பாலியத்தில் படித்தவை எத்தனையோ இருக்க, அவற்றுள் பெரும்பாலானவை சுவடின்றி அழிந்திருக்க, இந்த ஓர் அயல்நாட்டுப் பாத்திரம் மட்டும் ஐம்பது வருஷம் தமிழ் நெஞ்சங்களில் உயிரோடிருப்பதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். வெறும் பிள்ளைப்பிராயத்து மோகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அவர் பிறந்த தேசத்துப் பிள்ளைகளுக்கும் அந்த மோகம் இருந்தது, ஆனால் அங்கே அது இத்தனை காலம் நீடிக்கவில்லை.

அவர் பிறந்தது இங்கிலாந்தில். 1962-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் லண்டனிலிருந்து ஃப்ளீட்வே ஸ்தாபனத்தார் சிறுவர்களுக்காக 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் முதல் இதழிலேயே அவரும் தோன்றினார். விஞ்ஞானக் கதைகள் எழுதிவந்த கென் பல்மர் கதையை ஆரம்பித்துவைக்க, பிறகு டாம் டல்லி என்பவர் அதை வளர்த்துக்கொண்டு போனார். பாரிஞ்சர் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் லூயிஸ் கிராண்டெல், ஒரு விபத்தில் வலது கையை இழந்து, அதற்குப் பதிலாக எஃகினாலான செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டவர். பின்னொரு நாள் அதே ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் அவர் உடம்பில் பாய்கையில், அந்த எஃகுக் கை நீங்கலாக அவருடைய சரீரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது. இந்தச் சக்தி கிடைத்ததும் அவர் ஏழைகளைக் காக்கப் புறப்பட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. மனம் பேதலித்து, கொள்ளையிலும் மிரட்டலிலும் இறங்கி, உலகத்தையே பகைத்துக்கொண்டு ஓடுகிறார். திருந்துவதற்கும், 'நிழல் படை' என்ற இரகசியப் போலீஸ் இலாகாவில் சேர்ந்து உளவாளியாவதற்கும் பின்னால் வெகு தூரம் கடக்க வேண்டியிருந்தது. குற்றவாளியாகத் தொடங்கிக் காவலராக முடிந்தவர் என்ற வகையில், வழிப்பறிக்காரராக இருந்து வான்மீகியானவரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவர் முற்றிலும் அந்நியரல்லர்.

கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றி ஹெச். ஜி. வெல்ஸ் 1897-லேயே நாவல் எழுதிவிட்டார். ஆனால் எழுத்துக்குச் சாத்தியமாவது சித்திரத்துக்குச் சாத்தியமாவதில்லை. இல்லாத மனிதனை ஓவியன் எப்படி வரைவான்? வெற்று அறையை வரைந்து 'இங்கே ஒருவர் நிற்கிறார்' என்று எழுதிவைத்தால் எந்தப் பிள்ளை நம்பும்? இந்தச் சங்கடத்துக்கு அந்த ஒற்றைக் கை ஓர் அற்புதமான பரிகாரமாயிற்று. கை தெரிவதனால்தான் மற்றது தெரியவில்லை என்பது தெரிகிறது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெஸூஸ் பிளாஸ்கோ, ஓவியர்களான தம் உடன்பிறந்தவர்களின் துணையுடன் இந்தக் கதைக்குப் படம் வரைந்தார். அவருடைய கறுப்பு மையை நான் இன்றைக்கும் வியக்கிறேன். கட்டத்தில் பாதியை இருட்டாக விட்டு, மீதிப் பாதியில் ஒரு ஜன்னலின் வெளிச்சத்தைச் சாய்வாக விழச் செய்து, அந்த வெளிச்சத்தின் விளிம்பில் ஐந்து உலோக விரல்களை அவர் நிறுத்தும்போது, விரல்களுக்குப் பின்னால் ஒரு தோளும் கழுத்தும் மூச்சும் இருப்பதைப் பார்க்கிறவனே கற்பித்துக்கொண்டுவிடுகிறான். சிறுவனுக்கு இதைக்காட்டிலும் பெரிய கௌரவம் வேறு என்ன வேண்டும்? கதாநாயகனின் உடம்பை வரைகிற வேலையையே அவனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

இந்த ஆங்கிலேயக் கதாபாத்திரம், ஒரு ஸ்பானியரின் தூரிகையில் உருவெடுத்து, அன்று இராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்த சிவகாசிக்கு வந்து சேர்ந்ததற்கு மூலம் தேடினால், நாம் தீப்பெட்டிக்குத்தான் போக வேண்டும். மழை பொய்த்த கரிசல் பூமியில் பிழைக்க வழி தேடிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து ஊரில் நிலைநிறுத்தினார்கள். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். எழுத்தறியாத கிராமத்தான் கடையில் வந்து மயில் மார்க்கு, மணி மார்க்கு என்று படத்தைக் கொண்டே அடையாளம் சொல்லிக் கேட்கிற தேசத்தில், சரக்கைவிட லேபிளே பேசும். ஆகவே அந்தச் சிற்றூரில் அச்சு யந்திரங்கள் வந்து இறங்கின. லேபிளுக்காக வந்த யந்திரம் பிறகு காலண்டர் அச்சடித்தது. முருகனையும் லக்ஷ்மியையும் பல நிறங்களில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. யந்திரமும் காகிதமும் வேலை தெரிந்த கைகளும் ஓரிடத்தில் குவிந்துவிட்ட பிறகு, படம் நிறைந்த புத்தகத்தைச் சென்னையில்தான் அச்சடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏது? மு. சௌந்திரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஃப்ளீட்வே கதைகளுக்கு உரிய அநுமதி பெற்று அவர் வெளியிட்ட முதல் புத்தகத்தின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. அதன் ஆரம்பகால ஆசிரியப் பொறுப்பை வகித்தவர் முல்லை தங்கராசன்.

நிலம் பண்படாமல் இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் மாதந்தோறும் முருங்கை மரத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு, முடியாத எந்தக் காரியத்துக்கும் ஊரார் உவமையாகச் சொல்லும் அளவுக்குப் பிரசித்தி அடைந்திருந்தது. வாண்டுமாமாவின் சித்திரக் கதைகள் இருந்தன. தமிழ்வாணனின் சங்கர்லால், எந்த நாட்டில் எத்தகைய கொலைகாரனைத் துரத்தினாலும் இடையில் நிதானமாகத் தேநீர் பருகிக்கொண்டிருந்தார். திரையில் ஜெய்சங்கர் துப்பறிந்துகொண்டிருந்தார். லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரன் வேதாளர், பம்பாயிலிருந்து 1964 முதல் வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸ் மூலம் பல இந்திய பாஷைகளைப் பேசக் கற்றிருந்தார். ஆக, மாயத்திலும் துப்பறிதலிலும் நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் மாயம் ஒரு புறமும் துப்பறிதல் ஒரு புறமுமாகத்தான் இருந்தன: மாயம் என்றால் தாடி வைத்த மந்திரவாதி, துப்பறிதல் என்றால் தேநீர் பருகும் சங்கர்லால். கோட்டு அணிந்து, விமானத்தில் பறந்து, டெலிபோனில் பேசுகிற ஒருவரே மாயமாகவும் மறைவார் என்பது எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லாத சேதி.

இனி, என் மனத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இந்தக் கதைக்குப் பெயர் 'தி ஸ்டீல் கிளா'. அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினால் 'எஃகு நகம்' என்றோ, பருந்தின் காலையும் நண்டின் கொடுக்கையும் நினைத்து 'எஃகுக் கொடுக்கு' என்றோதான் வரும். அது மனிதனுக்குரிய உறுப்பைக் குறிக்கும் சொல்லே அல்ல. பிறாண்டுகிற, கிழிக்கிற, மிருகத்தின் ஆயுதத்தைக் குறிக்கும் சொல். கதையின் முதல் அத்தியாயங்களில் அவர் செய்த அக்கிரமங்களுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அவர் திருந்திய பிறகும் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் அவரை விடவில்லை. சிவகாசியிலோ, அந்த நகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கையை வைத்தார்கள். எஃகையும் விலக்கி இரும்பாக்கினார்கள். எஃகு என்பது பள்ளிக்கூடத்துச் சொல். இரும்பு என்பது கொல்லன் பட்டறையில், கலப்பைக் கொழுவில், அடுப்பங்கரைத் தோசைக்கல்லில் தினம் கண்ட சொல். 'கை'யோ, தமிழில் உள்ள சொற்களிலெல்லாம் அதிகம் உழைத்த சொற்களில் ஒன்று. ஆபத்தில் உதவுவது கைகொடுப்பது, கடைசி வரையில் உதவாமல் போவது கைவிடுவது, மருத்துவருக்கும் விதைப்பவருக்கும் கைராசி, சமைப்பவளுக்குக் கைமணம். இத்தனை அர்த்தங்களும் ஊறிய ஒரு சொல்லை அவர் தோளிலே பொருத்திய அன்றைக்கே, குற்றவாளி கிராண்டெல் பாதி மன்னிப்புப் பெற்றுவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

மாயாவி என்ற மற்றொரு பாதியும் கவனிக்கத்தக்கது. இராமாயணத்தில் மாயாவி ஓர் அசுரன். நள்ளிரவில் கிஷ்கிந்தையின் வாசலில் வந்து வாலியைப் போருக்கு அழைத்துவிட்டு, குகைக்குள் ஓடி ஒளிந்தவன். அண்ணனுக்கும் தம்பிக்கும் தீராப் பகை மூண்டது அவன் பொருட்டுத்தான். மாயம் என்பது பெரும்பாலும் அரக்கர் தரப்பு வித்தையாகவே நம் கதைகளில் வழங்கிவந்தது. அந்தச் சொல்லை எடுத்து நல்லவர் ஒருவருக்குச் சூட்டி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதை மரியாதையோடு உச்சரிக்கச் செய்ததும் சிறிய காரியமல்ல. எங்களில் யாரும் 'மாயாவி வந்தான்' என்று சொன்னதில்லை. 'மாயாவி வந்தார்' என்றுதான் சொன்னோம். முத்து காமிக்ஸின் மற்ற நாயகர்களான லாரன்ஸும் டேவிட்டும் 'வந்தாங்க'. ஜானி நீரோ சில சமயம் 'வந்தான்'. மாயாவி மட்டும் எப்போதும் 'வந்தார்'. இதை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பாத்திரங்களின் ஆங்கிலப் பேச்சு இருந்த வெண்குமிழ் அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. அதற்குள் தமிழ் உடம்பைத் திணிக்க வேண்டும். நான்கெழுத்தில் ஆங்கிலேயர் சொல்வதைச் சொல்ல நமக்குப் பத்தெழுத்து வேண்டியிருக்கிறது. ஆகவே வாக்கியங்கள் சுருங்கின. 'டுமீல்', 'தொப்', 'ணங்' என்ற ஓசைகளும், ஆச்சரியக் குறிகளும் பெருகின. அந்தச் சுருக்கத்திலும் லண்டன் கொள்ளைக்காரர்கள் இலக்கணச் சுத்தமான செந்தமிழ் பேசினார்கள்! துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, முற்றுவினையும் வேற்றுமை உருபும் பிசகாமல், எதிரியை எச்சரித்தார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் எனக்குச் சந்திப்பிழை இல்லாமல் எழுத வந்ததற்கு அந்தக் கொள்ளைக்காரர்களும் ஒரு காரணம் என்று சொன்னால், எனக்கு இலக்கணம் போதித்த ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விசேஷம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் விளங்கிற்று. மூலக்கதை வாரப் பத்திரிகையில் வாரத்துக்கு ஓரிரு பக்கங்களாக வந்தது. ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் கதாநாயகனை ஏதாவதொரு ஆபத்தின் வாயில் தொங்கவிட்டால்தான் அடுத்த வாரம் பிள்ளைகள் காசு கொடுப்பார்கள். அத்தனை வாரங்களையும் வரிசையாகக் கோத்து ஒரே புத்தகமாக்கியபோது, இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை மலை சரிந்தது, விமானம் விழுந்தது, மின்சாரத்தின் வேகம் தீர்ந்து மாயாவியின் உருவம் எதிரிகளின் நடுவில் தெரியத் தொடங்கியது. லண்டன் சிறுவன் ஒரு வாரம் பொறுத்துத் தெரிந்துகொண்டதை நாங்கள் ஒரு பக்கம் புரட்டித் தெரிந்துகொண்டோம். மாதக்கணக்கில் அவன் சுவைத்ததை ஒரே மாலையில் விழுங்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் தலை கிறுகிறுத்து உட்கார்ந்திருந்தோம்.

புத்தகம் எங்களுக்கு விலைக்கு வந்தது அபூர்வம். வாடகைக்கு வந்தது, இரவலாக வந்தது, இரண்டு கோலிக்குண்டும் ஒரு பம்பரமும் கொடுத்தால் 'நாச அலைகள்' புத்தகம், அதற்கு மேல் ஒரு காற்றாடி கொடுத்தால் 'பாம்புத் தீவு' என்று பண்டமாற்றாக வந்தது. வகுப்பில் பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த என் பிரதி ஒன்றை வாத்தியார் பறிமுதல் செய்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் ஆசிரியர்களின் அறையில், மேஜைக்குக் கீழே மறைத்து, அதையே படித்துக்கொண்டிருந்தார். அது திரும்பி வரவே இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைத் தேடித் தேடிப் பொறுக்கி, சோற்றுப் பசையால் வலது கைவிரல்களில் ஒட்டிக்கொண்டு, நான் மறைந்துவிட்டதாக அறிவித்தபடி வீட்டுக்குள் நடமாடியதும் உண்டு. என் பாட்டி அந்த விளையாட்டுக்கு மிகவும் ஒத்துழைத்தாள்: "யாருமே இல்லையே, சேவு டப்பா தானா அந்தரத்துல போகுதே" என்பாள். டப்பா காலியானதும் மட்டும் அவளுக்குக் கண் தெரிந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932-லும் பாபநாசம் திட்டம் 1944-லும் தொடங்கியிருந்தாலும், கிராமங்களுக்குக் கம்பி வந்து சேர்ந்தது பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக்கே நான் பிறந்த பிறகுதான் விளக்கு வந்தது. சுவிட்சைத் தொட ஈரக் கையோடு போகாதே என்று தினம் ஒரு தடவை எச்சரிக்கை. கரண்ட் என்பது கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் குடியிருந்து, தொட்டவரைக் கொல்லுகிற ஒரு புதிய தெய்வமாகவே எங்களுக்கு அறிமுகமாயிற்று. சுடலைமாடனுக்கு அஞ்சியதைவிட அதற்கு அதிகம் அஞ்சினோம். அப்படிப்பட்ட ஒன்றைத் தேடிப்போய், தாமே விரலை நீட்டி, உடம்பில் ஏற்றிக்கொண்டு, அதனாலேயே பலம் பெறுகிற மனிதரைக் கண்டபோது உண்டான சிலிர்ப்பு, மின்சாரத்தைப் பிறந்தது முதல் அறிந்த லண்டன் பிள்ளைக்கு அதே அளவில் உண்டாகியிருக்குமா என்பது சந்தேகம். அந்தச் சக்தி நெடுநேரம் நிலைப்பதில்லை என்பதும் எங்களுக்கு இயல்பாகவே புரிந்தது. எங்கள் ஊரில் மின்சாரமே நெடுநேரம் நிலைத்ததில்லை.

பின்னாளில், முத்து காமிக்ஸைத் தொடங்கிய சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பள்ளிப் பருவம் தாண்டிய புதிதிலேயே, 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே வருஷம் ராணி காமிக்ஸும் வந்தது. லயன் கொண்டுவந்தவர்களில் ஸ்பைடர் என்ற கூர்மண்டைக் குற்றச் சக்கரவர்த்தி எங்கள் தம்பிமாரைப் பைத்தியமாக அடித்தான். அவனும் இங்கிலாந்தில் 1965-இல் 'லயன்' என்ற பத்திரிகையில் பிறந்தவனே. அவனுடைய கதைகளில் பலவற்றை எழுதியவர், ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அமெரிக்கர் ஜெர்ரி ஸீகல். உலகம் முழுவதும் கொடி கட்டிப் பறந்த அந்த வீரனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு அதற்காக வழக்காடித் தோற்று, கடல் கடந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு ஒரு வில்லனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய சூப்பர்மேனைவிட அவருடைய ஸ்பைடர் மீதே சிவகாசி வாசகர்கள் அதிகப் பிரியம் வைத்தார்கள் என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு. எவ்வாறாயினும் எனக்கு ஸ்பைடர் பிடிக்கவில்லை. அவன் எதையும் இழந்தவனாகத் தோன்றவில்லை.

அதுவே விஷயம் என்று நினைக்கிறேன். வேறு கிரகத்திலிருந்து வந்து, குண்டு துளைக்காத மார்போடு ஆகாயத்தில் பறப்பவனுக்கு நாம் கைதட்டலாம்; ஆனால் அவனுக்காக நாம் பயப்படுவதில்லை. மாயாவியிடம் இருந்த சக்தி முழுவதும் அவர் இழந்த ஒன்றின் இடத்தில் முளைத்தது. ஊனமே ஆயுதமாயிற்று, அந்த ஆயுதமே அவரைக் காட்டியும் கொடுத்தது. எல்லாம் மறைந்தாலும் தழும்பு மட்டும் மறையாத மனிதர் அவர். தீக்குச்சி ஆபீஸில் வேலை செய்து விரல் வெந்தவர்களும், பட்டாசு விபத்தில் கை போனவர்களும் தெருவுக்கு ஒருவராவது இருந்த வட்டாரத்திலிருந்து அந்தப் புத்தகங்கள் அச்சாகி வந்தன என்பதை, சிறுவனாக இருந்தபோது நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது அதை எண்ணாமல் அந்த அட்டைப் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

தாய்நாட்டில் அவருடைய காலம் சீக்கிரம் முடிந்தது. மாயாவி சிவகாசியில் கால் வைத்த வேளையில் லண்டனில் அவருடைய நல்ல நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வேலியண்ட் பத்திரிகையே 1976-இல் யுத்தக் கதைப் பத்திரிகை ஒன்றோடு கலந்து பெயரிழந்தது. ஸ்பெயினில் 'சார்பா தே அசேரோ' என்ற பெயரில் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்கோ அவர்களுடைய பிள்ளையல்லவா? இங்கும் தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, புத்தகங்கள் மெலிந்தன, இதழ்களுக்கிடையே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. 2012-இல் விஜயன் புது முகத்தோடு, நல்ல காகிதத்தில், மீண்டும் ஒழுங்காக வெளியிடத் தொடங்கியபோது பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் பிறந்த புதிய வீரர்கள் பலர் வண்ணத்தில் வந்தார்கள். பழைய வாசகர்கள் அவர்களையெல்லாம் வரவேற்றுவிட்டு, கடிதம் முடிகிற இடத்தில் மாயாவியின் மறுபதிப்பு எப்போது என்று கேட்டார்கள். மறுபதிப்பும் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய ஆங்கிலக் கதைகளின் உரிமையை வாங்கி, 2021-இல் மூலக்கதைகளை நூலாக வெளியிட்டது. நானும் அதை வரவழைத்துப் படித்தேன். படங்கள் தெளிவாக, பெரிதாக, நான் பாலியத்தில் கண்டதைவிட எத்தனையோ மடங்கு சிறப்பாக இருந்தன. கிராண்டெல் பேசிய ஆங்கிலம் மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு போலவே இருந்தது.

சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் பேத்தியிடம் தமிழ் மறுபதிப்பு ஒன்றைக் கொடுத்தேன். எட்டு வயது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படங்களை மிகவும் உன்னிப்பாகப் பார்ப்பாள். மாயாவி துவாரத்தில் விரலை வைக்கும் கட்டத்தையும், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அடுத்த கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், என்னை நிமிர்ந்து நோக்கி, "தாத்தா, அவரு மறையும்போது அவரு சட்டை எப்படி மறையுது?" என்று கேட்டாள்.

ஐம்பது வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. சாத்தூரில் என்னோடு புத்தகம் மாற்றிக்கொண்ட அத்தனை பேரிலும் ஒருவனாவது இதைக் கேட்டதாக ஞாபகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்த என் தம்பி, அந்நாளில் வெள்ளித்தாள் பொறுக்குவதில் என் பங்காளியாக இருந்தவன், கொஞ்சமும் யோசிக்காமல், "சட்டைக்கும் கரண்ட் பாயும்ல" என்றான். அவள் அவனையும் என்னையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினாள்.